நகராத சீட்டும் கிர்க்காஃப் விதியும்

கார் சீட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச். முன்னால் தள்ளினால் சீட் முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் வரும். ஒரு நாள் காலை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. சத்தம்கூட இல்லை. முந்தைய நாள் குள்ளமான ஒருவர் வண்டியை ஓட்டியிருந்தால் போச்சு! ஆறடி மனிதர் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க ஒர்க்‌ஷாப் வரை போக வேண்டியதுதான்.

பவர் சீட் பணக்காரச் சமாச்சாரம், அதற்கெல்லாம் ஒரு வரலாறா என்று தோன்றலாம். ஆனால் காரின் மின்சாரம் எப்படி வளர்ந்தது, அதில் வரும் கோளாறை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள், பழுது பார்க்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்ற மூன்று கதைகளும் இந்த ஒரு சீட்டுக்கு அடியில் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. பிளஸ் டூ இயற்பியலில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன ஒரு விதியும் அங்கேதான் கிடக்கிறது.

எண்ணெய் ஒழுகிய காலம்

முதலில் சீட்டை நகர்த்த மின்சாரம் எதற்கு என்று பார்க்கலாம். அன்றைய அமெரிக்கக் கார்களில் முன்னால் இரண்டு தனித்தனி சீட் கிடையாது. பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட், அதில் மூன்று பேர் உட்காரலாம். ஓட்டுபவர் தனக்கு வசதியாக நகர்த்த நினைத்தால் மற்ற இருவரையும் சேர்த்துத்தான் நகர்த்தியாக வேண்டும். கையால் லீவரை இழுத்து, காலால் உந்தித் தள்ளுவது லேசான வேலை இல்லை.

1940-களில் இதற்குக் கண்டுபிடித்த வழி பாதி மின்சாரம், பாதி திரவம். 1941-ஆம் ஆண்டு பேக்கார்ட் 180 காரில் கண்ணாடி ஏற்றி இறக்க இந்த முறை வந்தது. போருக்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் தன் விலை உயர்ந்த கார்களிலும் கன்வெர்ட்டிபிள்களிலும் கண்ணாடி, துணிக்கூரை, முன் சீட் மூன்றையும் இதே முறையில் இயக்கியது. எஞ்சின் பக்கத்தில் மின் மோட்டாரோடு ஒரு பம்பு இருக்கும். சுவிட்சை அழுத்தினால் பம்பு ஓடும், அந்தந்த சிலிண்டரின் வால்வு திறக்கும், குழாய் வழியாகத் திரவம் பாயும். சீட்டை அழுத்தம் ஒரு பக்கம் தள்ளும், ஸ்பிரிங் மறுபக்கம் இழுக்கும்.

இதில் ஒரு வசதி இருந்தது. கோளாறு வந்தால் கண்ணுக்குத் தெரியும்! கார்ப்பெட் ஈரமாக இருந்தால் சிலிண்டரோ குழாயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஆனால் பல வண்டிகளில் அதற்குப் பயன்பட்டது பிரேக் ஆயில். அது பட்ட இடத்தில் பெயின்ட் உரியும், சீட் துணி பாழாகும். கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம், ஆனால் கண்டுபிடிக்கும்போது பாதி வண்டி கெட்டிருக்கும்.

சரி, திரவத்தை விட்டுவிட்டு நேராக மின் மோட்டாரையே சீட்டுக்கு அடியில் வைத்திருக்கலாமே? அதற்குத் தடையாக நின்றது பேட்டரி.

6 வோல்ட் கணக்கு

அன்றைய பெரும்பாலான கார்களில் 6 வோல்ட் பேட்டரிதான். சின்னக் கணக்கு ஒன்று போட்டால் பிரச்சினை புரிந்துவிடும். சீட் மோட்டாருக்கு 150 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட்டில் அதற்கு 25 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் போதும். இப்போது ஒயர், சுவிட்ச், கனெக்டர் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் மின்தடை இருப்பதாக வைத்தால், 25 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 2.5 வோல்ட் தொலைந்துவிடும். இருப்பதே 6 வோல்ட், அதில் 40 சதவீதத்துக்கும் மேல் மோட்டாருக்குப் போய்ச் சேராது. 12 வோல்ட் வண்டியில் அதே ஒயரில் தொலைவது 1.25 வோல்ட், அதாவது பத்து சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். அதே துரு, அதே லூஸ் கான்டாக்ட், ஆனால் விளைவில் நான்கு மடங்கு வித்தியாசம்.

காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபில் 1953-லேயே 12 வோல்ட்டுக்கு வந்தன. செவர்லே 1955-ல் மாறியது, ஃபோர்டும் கிரைஸ்லரும் 1956-ல். பெரிய எஞ்சின்களைச் சுற்றிவிட வலுவான ஸ்டார்ட்டர் தேவைப்பட்டது இதற்கு முக்கியக் காரணம். ஆனால் அந்த மாற்றத்தால் சீட், கண்ணாடி, ஏசி என்று எல்லாவற்றையும் மின்சாரத்தில் ஓட்டும் ஆசைக்கும் கதவு திறந்தது.

ஆசை எந்த அளவுக்குப் போனது என்றால், 1957-ல் மெர்க்குரி டர்ன்பைக் குரூஸர் காரில் 'சீட்-ஓ-மேட்டிக்' வந்தது. டயலைத் திருப்பினால் 49 நிலைகளில் எது வேண்டுமோ அதற்கு சீட் தானாகப் போய் நிற்கும். அதே ஆண்டு வந்த காடிலாக் எல்டொராடோ புரோம் காரின் விலை 13,074 டாலர். அதிலும் சீட் தன் நிலையை நினைவில் வைத்துக்கொண்டது. காருக்குள் கம்ப்யூட்டரே இல்லாத காலத்து கார் இது!

21 வயது மாணவரின் விதி

இந்த இடத்தில் கதை நூறு வருடம் பின்னால் போக வேண்டும். எண்ணெய் ஒழுகினால் தெரியும், கரண்ட் ஒழுகினால் தெரியாது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்று எங்கே தொலைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கான பதில் கார் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

1845-ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் கஸ்டாவ் கிர்க்காஃப் தன் புகழ்பெற்ற மின்சுற்று விதிகளைச் சொன்னபோது அவருக்கு வயது 21. பேராசிரியர் இல்லை, பல்கலைக்கழக மாணவர். அதில் இரண்டாவது விதியைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: ஒரு மூடிய சுற்றைச் சுற்றி வந்தால், பேட்டரி கொடுக்கும் வோல்ட்டும் வழியில் ஒவ்வொரு இடத்திலும் செலவாகும் வோல்ட்டும் சரிக்குச் சரியாக இருக்கும். மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை.

பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதும் இந்த விதி ஆட்டோ எலக்ட்ரீஷியன் கையில் துப்பறியும் கருவியாக மாறுகிறது. பேட்டரி 12 வோல்ட் கொடுக்கிறது, சுவிட்ச் அழுத்தியிருக்கும்போது மோட்டாரின் இரண்டு முனைக்கு நடுவே 8 வோல்ட்தான் இருக்கிறது என்றால், மீதி 4 வோல்ட் வேறு எங்கோ செலவாகியிருக்கிறது. விதி பொய் சொல்லாது. பியூஸ், சுவிட்ச், கனெக்டர், எர்த் என்று ஒவ்வொன்றின் குறுக்கேயும் மீட்டரை வைத்துப் பார்த்தால் அந்த 4 வோல்ட் எங்கேயாவது மாட்டியாக வேண்டும். பல சமயம் மாட்டுவது எர்த்தில்தான். கார்ப்பெட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, பாடியோடு சேர்த்து முடுக்கிய ஒயர் முனை பச்சையாகப் பூத்துப் போயிருக்கும்.

போகும் கரண்ட் திரும்பி வந்தாக வேண்டும் என்பதைத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் மறந்துவிடுவார்கள். 'மோட்டாருக்கு சப்ளை வருது, ஓடலை, அப்போ மோட்டார் போச்சு' என்று நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்த கதைகள் இப்படித்தான் நடக்கின்றன.

விளக்கும் மீட்டரும்

இந்த விதியைப் பயன்படுத்த ஒரு கருவி வேண்டுமே. ஆரம்பத்தில் இருந்தது டெஸ்ட் லேம்ப். ஒரு பல்பு, ஒரு ஊசி, ஒரு கிளிப், அவ்வளவுதான். எரிந்தால் கரண்ட் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை, மங்கலாக எரிந்தால் வழியில் ஏதோ இழுக்கிறது.

பிரிட்டனில் தபால் துறையின் பொறியாளர் டொனால்ட் மக்காடி, தந்தி, தொலைபேசி இணைப்புகளைப் பழுது பார்க்கப் பல மீட்டர்களைச் சுமந்து திரிய வேண்டியிருந்ததில் அலுத்துப்போய், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் அளக்கும் ஒரே பெட்டியை யோசித்தார். 1923-ல் அது 'ஏவோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மூன்று அளவுகளின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். 2008 வரை ஏவோ மீட்டர்கள் உற்பத்தியாகிக்கொண்டிருந்தன என்பதே அதன் தரத்துக்குச் சான்று. 1977-ல் ஃப்ளூக் நிறுவனத்தின் 8020ஏ, கையடக்க டிஜிட்டல் மல்டிமீட்டரைப் பட்டறைகளுக்குக் கொண்டுவந்தது.

டிஜிட்டல் மீட்டர் வந்ததும் எல்லாம் சுலபமாகிவிட்டதா என்றால், இல்லை. ஒரு புதிய ஏமாற்று வேலையும் கூடவே வந்தது. டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை சாதாரணமாக 10 மெகாஓம். அதாவது அது சுற்றிலிருந்து எடுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட பூஜ்யம். துருப்பிடித்த ஒரு கனெக்டரில் 10,000 ஓம் மின்தடை ஏறியிருக்கிறது என்று வையுங்கள். மீட்டர் அதன் வழியாகப் பார்த்தால் 11.99 வோல்ட் காட்டும். 'சப்ளை நன்றாக இருக்கிறது' என்று தோன்றும். ஆனால் அதே வழியில் மோட்டாருக்குக் கிடைப்பது ஒரு மில்லிஆம்பியரைச் சற்றுத் தாண்டிய கரண்ட். அதற்கு வேண்டியதோ பத்து ஆம்பியர்! இந்த இடத்தில் பழைய டெஸ்ட் லேம்ப் எரியவே எரியாது. நவீன மீட்டர் கோட்டைவிட்டதை இருபது ரூபாய் பல்பு பிடித்துவிடும்.

ஆகவே அனுபவசாலிகளின் முதல் விதி: சுற்றில் சுமை இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்த வோல்ட்டை நம்பக் கூடாது.

காதால் கண்டுபிடித்த காலம்

1960-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஆறு திசை பவர் சீட்டுக்கு ஒரே ஒரு மோட்டார்தான். முன்-பின், முன்பகுதி மேல்-கீழ், பின்பகுதி மேல்-கீழ் என்ற மூன்று அசைவுகளுக்கும் அது ஒன்றே வேலை செய்யும். நடுவே ஒரு கியர் பெட்டி, அதில் மூன்று சோலனாய்டுகள். எந்த அசைவு வேண்டுமோ அந்தச் சோலனாய்டு 'டக்' என்று பல்லைக் கோக்கும், வளையும் கேபிள் வழியாக சுழற்சி சீட்டின் இரு பக்கத் தண்டவாளத்துக்கும் போகும்.

இந்த அமைப்பில் கோளாறைக் கண்டுபிடிப்பது ஒரு தர்க்கப் புதிர் மாதிரி. எதுவுமே அசையவில்லை, சத்தமும் இல்லை என்றால் பொதுவான பாதையில் கோளாறு: பியூஸ், ரிலே, சப்ளை, எர்த். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, ஆனால் ஒரு அசைவு மட்டும் இல்லை என்றால் அந்தச் சோலனாய்டு அல்லது அதன் ஒயர். சீட்டின் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் உயராமல் கோணலாக நின்றால் அந்தப் பக்கக் கேபிள் அறுந்திருக்கிறது. மீட்டரைத் தொடாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொரு பழைய தந்திரம் இன்றைக்கும் பல வண்டிகளில் பலிக்கும். கதவைத் திறந்து உள் விளக்கை எரியவிட்டு சீட் சுவிட்சை அழுத்த வேண்டும். விளக்கு மங்கினால் கரண்ட் போகிறது, ஆனால் ஏதோ இறுகிப் பிடித்திருக்கிறது. தண்டவாளத்தில் சிக்கிய நாணயமோ பேனாவோகூட இருக்கலாம். விளக்கு அசையவே இல்லை என்றால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது.

சிலருக்கு 'காலையில் வேலை செய்யவில்லை, ஐந்து நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகிவிட்டது' என்ற குழப்பமும் உண்டு. பேய் ஒன்றும் இல்லை. பல சீட் சுற்றுகளில் பியூஸுக்குப் பதிலாக சர்க்யூட் பிரேக்கர் இருந்தது. உள்ளே இரட்டை உலோகப் பட்டை. சீட் முட்டி நின்ற பிறகும் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் பட்டை சூடாகி வளைந்து சுற்றைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி சேரும்.

பிறகு காந்த மோட்டார்கள் மலிவாகின. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மோட்டார் என்று ஆனது. சுவிட்ச் ஓய்வில் இருக்கும்போது மோட்டாரின் இரண்டு ஒயரும் எர்த்தில் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் ஒரு ஒயருக்கு 12 வோல்ட் வரும், மறுபக்கம் தள்ளினால் இன்னொன்றுக்கு. முன்னால் போகிறது, பின்னால் வரவில்லை என்றால் மோட்டார் மேல் சந்தேகம் தேவையில்லை. மோட்டார் நல்லது, சுவிட்சின் ஒரு பக்கக் கான்டாக்ட்தான் கருகியிருக்கும்.

1979-ல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் சுவிட்சே ஒரு குட்டி சீட் வடிவத்தில் கதவில் உட்கார்ந்திருந்தது. முதுகுப் பகுதியைச் சாய்த்தால் முதுகு சாயும். டொனால்ட் நார்மன் 1988-ல் அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பு பற்றி எழுதிய புத்தகத்தில் மெர்சிடிஸின் இந்த சுவிட்சை நல்ல வடிவமைப்புக்கு உதாரணமாகப் பாராட்டினார். ஆனால் சுவிட்ச் கதவுக்குப் போனால் ஒயரும் கீல் வழியாகப் போக வேண்டும். கதவைத் திறக்கும்போதெல்லாம் கீலில் ஒயர் வளையும். வெளியே ரப்பர் உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். பயன்படுத்துபவருக்கு வசதியான வடிவமைப்பு பழுது பார்ப்பவருக்கும் வசதியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

சுவிட்ச் கேட்கிறது, கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது

ஒவ்வொரு வசதிக்கும் தனி ஒயர் என்று போய்க்கொண்டிருந்ததில் காருக்குள் ஒயர் மூட்டை கனத்துக்கொண்டே போனது. இதற்கு ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 'கேன்' என்ற முறையை உருவாக்கி 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த பொறியாளர் மாநாட்டில் வெளியிட்டது. இரண்டே ஒயரில் பல சின்னக் கம்ப்யூட்டர்கள் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். 1991-ல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் இந்தப் பின்னலோடு வந்த ஆரம்பக் கார்களில் ஒன்று. சீட், கண்ணாடி போன்ற சின்ன வேலைகளுக்கு இன்னும் மலிவான 'லின்' என்ற ஒற்றை ஒயர் முறை 1990-களின் இறுதியில் உருவானது.

இதனால் சீட் சுவிட்சின் பிழைப்பே மாறிவிட்டது. பழைய சுவிட்ச் மோட்டாரின் கரண்டைத் தானே சுமந்தது. புதிய சுவிட்ச் வெறும் விண்ணப்பம் போடுகிறது: 'ஐயா, சீட்டை முன்னால் நகர்த்த வேண்டும்.' சீட் கன்ட்ரோல் யூனிட் அதைப் பரிசீலிக்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் மறுக்கலாம். தன் எல்லைகளை மறந்திருந்தால் மறுக்கலாம். எதுவும் அறுந்திருக்காது, எதுவும் எரிந்திருக்காது, ஆனாலும் சீட் நகராது!

நினைவில் வைத்துக்கொள்ளும் சீட்டுகளில் மோட்டாருக்குள் ஹால் சென்சார் என்ற ஒன்று இருக்கும். எட்வின் ஹால் 1879-ல் கண்டுபிடித்த காந்த விளைவுதான் அதன் அடிப்படை. மோட்டார் சுற்றச் சுற்ற அது துடிப்புகளை அனுப்பும், யூனிட் அவற்றை எண்ணி சீட் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும். சென்சார் செத்துவிட்டால் துடிப்பு வராது. மோட்டார் சிக்கிவிட்டது என்று யூனிட் நினைத்து உடனே நிறுத்திவிடும். சீட் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வெட்டி நகரும். பழைய ஆள் மோட்டாரைக் குறை சொல்வார். மோட்டார் நன்றாகத்தான் இருக்கும், கணக்குப்பிள்ளைதான் செத்திருப்பார்.

இங்கே டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக் கண்ட ஒயரிலும் குத்தினால் ஆபத்து. அந்த பல்பு இழுக்கும் கரண்டைத் தாங்கும் வலு கன்ட்ரோல் யூனிட்டின் மெல்லிய சுற்றுகளுக்கு இல்லை. ஒரு காலத்தில் டிஜிட்டல் மீட்டரைத் தோற்கடித்த அதே விளக்கு, இங்கே விலை உயர்ந்த யூனிட்டை எரித்துவிடக்கூடும்.

மஞ்சள் கனெக்டர்

1994-ல் வால்வோ 850 காரில் பக்கவாட்டு ஏர்பேக் வந்தபோது அது வைக்கப்பட்ட இடம் சீட்டின் முதுகு. அதன் பிறகு பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்துக் கருவி, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அறியும் சென்சார், சீட் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று சொல்லும் சென்சார் எல்லாம் சீட்டில் குடியேறின.

இதற்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவில் சின்ன விபத்துகளில்கூட ஏர்பேக் வேகமாக விரிந்து குழந்தைகளும், ஸ்டியரிங்குக்கு மிக அருகில் உட்கார்ந்த குள்ளமான ஓட்டுநர்களும் இறந்தார்கள். அதனால் 2000-ல் அமெரிக்க அரசு புதிய விதி கொண்டுவந்தது. ஏர்பேக் ஆளுக்கேற்ப நடந்துகொள்ள வேண்டும் என்றது. அதற்கான தகவலைக் கொடுக்கும் வேலை சீட்டின் தலையில் விழுந்தது. வசதிக்காக வந்த சீட் ஒயரிங் உயிர் காக்கும் ஒயரிங்காக மாறியது இப்படித்தான்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் சுற்று. அதில் டெஸ்ட் லேம்ப் வைக்கக் கூடாது. ஓம் மீட்டரும் வைக்கக் கூடாது. ஓம் மீட்டர் அளப்பதற்காகத் தானே கொஞ்சம் கரண்ட் அனுப்பும், அது ஏர்பேக்கை வெடிக்கவைக்கலாம். சீட்டைக் கழற்றும் முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பெனி கையேட்டில் சொன்ன நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

கோளாறா, பூட்டா?

கடைசிக் கதை அரசியல். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து 'ஓபிடி-2' சாக்கெட் கட்டாயமானது. யார் வேண்டுமானாலும் ஒரு ஸ்கேனரைச் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் பிறந்தது புகை மாசுக்காக. எனவே எஞ்சின் கோளாறு எண்கள் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாகின. சீட், கதவு, ஏர்பேக் போன்ற பாடி பகுதியின் கோளாறுகள் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் ரகசிய மொழியிலேயே தங்கிவிட்டன. மலிவான ஸ்கேனரைச் செருகினால் 'கோளாறு இல்லை' என்று வரும். சீட்டோ அசையாது. அந்த ஸ்கேனர் சீட் யூனிட்டோடு பேசவே இல்லை என்பதுதான் உண்மை.

இந்த ரகசியத்தை உடைக்க 2012 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் வாக்களித்தார்கள். டீலர்களுக்குக் கிடைக்கும் பழுது பார்க்கும் தகவல் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது கோரிக்கை. பெரும்பான்மையோடு ஜெயித்தது. 2014-ல் கார் கம்பெனிகள் நாடு முழுக்க அதைப் பின்பற்ற ஒப்புக்கொண்டன. கார்கள் தகவலை ஒயர் இல்லாமல் நேராகக் கம்பெனிக்கு அனுப்பத் தொடங்கியதும் அதே மாநிலம் 2020-ல் மறுபடி வாக்களித்து அந்தத் தகவலையும் கேட்டது.

2022-ல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாதக் கட்டணம் வைத்தபோது விஷயம் எல்லோருக்கும் உறைத்தது. சூடாக்கும் கம்பி சீட்டுக்குள் இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது. கட்டணம் கட்டாவிட்டால் சூடு வராது. எதிர்ப்பு கிளம்பி, 2023-ல் அந்த நிறுவனம் அதைக் கைவிட்டது. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. சுவிட்சை அழுத்தி ஒன்றும் நடக்காதபோது, அது கோளாறா, பூட்டா? முதலாவதை மீட்டர் கண்டுபிடிக்கும். இரண்டாவதைக் கண்டுபிடிக்க எந்த மீட்டரும் இல்லை, சட்டம்தான் வேண்டும்.

மறுபடி சீட்டுக்கு அடியில்

அப்படியானால் பழைய அறிவெல்லாம் வீணா? இல்லவே இல்லை. ஸ்கேனர் 'சீட் யூனிட் பதில் சொல்லவில்லை' என்று சொல்லும். ஏன் சொல்லவில்லை என்று சொல்லாது. யூனிட் செத்திருக்கலாம், அதற்கு வரும் பியூஸ் போயிருக்கலாம், எர்த் துருப்பிடித்திருக்கலாம், சீட் முன்னும் பின்னும் போய்ப் போய் ஒயர் அறுந்திருக்கலாம். நான்குக்கும் திரையில் தெரிவது ஒரே வரி. அந்த வரியைப் படித்தவுடன் புது யூனிட் வாங்குபவர் பெரும் தொகையைத் தொலைக்கிறார். அதே வரியைப் படித்துவிட்டு, சுமை இருக்கும்போது சப்ளைப் பக்கமும் எர்த் பக்கமும் வோல்ட் இழப்பை அளப்பவர் ஒரு போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி முடுக்கிவிட்டுப் போகிறார்.

அவர் செய்வது 1845-ல் ஒரு கல்லூரி மாணவர் சொன்னதைத்தான். போன வோல்ட்டுக்குக் கணக்கு கேட்கிறார். 6 வோல்ட் 12 ஆகிவிட்டது, பிரேக் ஆயில் போய் லின் வந்துவிட்டது, ஆனால் சீட்டுக்கு அடியில் ஓடும் கரண்ட் இன்னும் திரும்பி வந்தாக வேண்டும்.

அடுத்த முறை பரீட்சைக்குக் கிர்க்காஃப் விதியைப் படிக்கும்போது அந்த சீட்டையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மார்க் கூட வருமா தெரியாது, ஒரு நல்ல மோட்டாரைத் தூக்கி எறியாமலாவது இருக்கலாம்!